திண்ணையும் முற்றமும்: மழலைப் பள்ளியில் பெற்றோர் பங்கு

பள்ளியை நடத்துவோர் யாவர் என வினவினால், அரசு என்றோ அறநிலையம் என்றோ தனியார் என்றோ விடை கூறுதல் இன்றைய வழக்கம். பெற்றோர் என விடை கூறுவார் மிகச் சிலரே. ஆயினும் பெற்றோரே உரிமையாளராகவும் பணியாளராகவும் நின்று நடத்தும் பள்ளி வகை ஒன்று உலகில் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக நிலவி வருகின்றது. கூட்டுறவு மழலைப் பள்ளி என்பது அதன் பெயர். பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளின் பெற்றோர் சிலர் கூடிச் சங்கம் அமைப்பர். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை ஊதியம் தந்து அமர்த்துவர். பின்னர்த் தாமே முறை வைத்துக்கொண்டு நாளொருவராக வகுப்பில் துணை நிற்பர். கணக்கு எழுதுதல், பொருள் வாங்குதல், இடத்தைத் தூய்மை செய்தல் ஆகியவற்றையும் பகிர்ந்துகொள்வர். கட்டணம் எவ்வளவு, ஆசிரியர் யார், குழந்தை எவ்வாறு நடத்தப்பெற வேண்டும் என்பனவற்றைக் குடும்பத்திற்கு ஒரு வாக்கு என்னும் நெறியால் முடிவு செய்வர்.

இம்முறை நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதோ? அன்றி நம் பழைய பள்ளி மரபில் இதன் கூறுகள் உண்டோ? உண்டெனின் அவை எவை, இல்லாதன எவை? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகப் புதுவையைக் கொள்கின்றோம். நகரின் வடமேற்கில், திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்த கோரிமேட்டை இறுதியில் எடுத்துக்கொள்வோம். அங்கே மாநில எல்லை ஒன்று உண்டு; இரவும் பகலும் மகளிர் பணிபுரியும் பெரிய மருத்துவமனை ஒன்றும் உண்டு. பெற்றோர் பங்கு என்னும் கொள்கையைச் சோதித்தறிய இவ்விரண்டும் துணை செய்யும்.

ஆராய்ச்சிக்கு அளவுகோல் ஒன்று வேண்டும். பெற்றோர் பங்கு என்று பொதுவாகக் கூறப்படுவது மூவகைப்படும். பொருள் தருதல் ஒன்று. உழைப்புத் தருதல் மற்றொன்று. முடிவு செய்யும் இடத்தில் சொல் பெறுதல் மூன்றாவது. இவற்றை முறையே கொடை, பணி, சொல் எனக் குறிப்போம். கூட்டுறவு மழலைப் பள்ளியில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன.

1. திண்ணைப் பள்ளியும் கொடையும்

குழந்தையை வளர்த்தல் பலர் பகிர்ந்துகொள்ளும் கடமை என்னும் எண்ணம் தமிழர்க்குப் பழையது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனிக் கடமை வகுக்கின்றார். அவ்வரிசையில் ஆசிரியர் தனியே இடம்பெறவில்லை. சான்றோனாக்கும் பொறுப்புத் தந்தையுடையதாகவே கூறப்பெறுகின்றது. எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் கணக்காயர் பழங்காலத்திலேயே இருந்தமை, நக்கீரனார் மதுரைக் கணக்காயனார் மகனார் எனப்பெறுதலால் அறியப்படும். தந்தை தன் கடமையைக் கணக்காயரிடம் ஒப்படைக்கும் வழக்கமே நெடுங்காலம் கழித்துத் திண்ணைப் பள்ளியாக நமக்குக் காட்சியளிக்கின்றது.

திண்ணைப் பள்ளியைப் பற்றிய விரிவான கணக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் எடுக்கப்பெற்றது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் அதற்கு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாளிட்ட அவரது குறிப்பு, 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமையைக் கூறுகின்றது. அக்கால மாகாண மக்கள்தொகை 1,28,50,941. எனவே ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி இருந்தமை பெறப்படும். மாகாணம் தெலுங்கு, கன்னட, மலையாள நிலங்களையும் உள்ளடக்கியது என்பதையும், 1816இல் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்த புதுவை இக்கணக்கில் அடங்காது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இத்தொகுதியைத் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் மீண்டும் அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தது.

இப்பள்ளிகளுட் பெரும்பாலன அரசின் பொருளால் நடந்தன அல்ல. பெற்றோர் தந்த பொருளே ஆசிரியரைப் பேணியது. மாணவர் ஒருவர்க்கு மாதக் கட்டணம் நான்கு, ஆறு அல்லது எட்டு அணாவிற்கு மிகுதல் அரிது என்றும், ஆசிரியர் பொதுவாக மாதம் ஆறு ஏழு உரூபாவிற்கு மேல் ஈட்டுவதில்லை என்றும் மன்றோ எழுதுகின்றார். பணமின்றி நெல்லாகவும் காய்கறியாகவும் தருவாரும் உளர். பிள்ளையைப் பள்ளியில் வைக்கும் நாளிலும், ஒரு சுவடி முடித்து அடுத்த சுவடி தொடங்கும் நாளிலும் தனிக் காணிக்கை உண்டு. நவராத்திரிக் காலத்தில் மாணவர் கோலாட்டக் கோலேந்திப் பாடிக்கொண்டு வீடுதோறும் செல்வர்; வீட்டார் ஆசிரியர்க்குப் பொருள் அளிப்பர். பள்ளி என்ன கற்பித்தது என்பதை ஊரார் கண்டும் கேட்டும் அறியும் நாள் அதுவே. எனவே அதனைக் கொடை நாள் என்பதோடு ஒருவகைத் தேர்வு நாள் எனவும் கொள்ளலாம்.

இடமும் பெற்றோர் அளித்ததே. செல்வர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைத் தந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதன்மேல் அமர்ந்து மணலில் எழுதினர். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எனப் பாடம் வளர்ந்தது. புதுவையில் இம்மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் உயிரோடிருந்தது. 1891இல் பிறந்த பாரதிதாசன் தம் தொடக்கக் கல்வியைத் திருப்புளிசாமி ஐயாவிடம் திண்ணைப் பள்ளியிற் பெற்றார். அவரே 1909இல் பிரெஞ்சு அரசின் கீழ் ஆசிரியராகப் பணியேற்று 1946 வரை அப்பணியில் இருந்தார். பெற்றோர் பேணிய பள்ளியில் கற்று அரசு பேணிய பள்ளியிற் கற்பித்த அவர் வாழ்க்கை, இருவேறு கல்வி முறைகளையும் ஒருவர் வாழ்நாளிலேயே காட்டுவதாகும்.

கொடை இவ்வளவு நிறைந்திருந்த பள்ளியில் பணியும் சொல்லும் எவ்வாறு இருந்தன? வகுப்பில் ஆசிரியர்க்குத் துணை நின்றவன் சட்டாம்பிள்ளை. அவன் மூத்த மாணவன். சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் 1789 முதல் மேற்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்ட மாணவர்வழிக் கற்பித்தல் முறை இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. பெற்றோர் வகுப்பில் அமர்ந்ததில்லை. பாடத்தைப் பற்றியோ ஒறுப்பைப் பற்றியோ அவர்கள் வினவியதும் அரிது. அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைத் துணைக்கொண்டு, கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுமாறு ஆசிரியரிடம் கூறிப் பிள்ளையை ஒப்படைத்த தந்தையரைப் பற்றிய செய்தி ஊர்தோறும் வழங்குவது. தம் சொல்லையும் சேர்த்துக் கொடையாக அளித்துவிடும் நிலை இது எனலாம்.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. ஏரியையும் கால்வாயையும் ஊரார் முறைவைத்துப் பேணும் குடிமராமத்து நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். நீர் பெறுவோர் அனைவரும் மண் சுமக்கவேண்டும் என்பது அதன் நெறி. நீருக்கு இவ்வாறு முறைப்பணி கண்ட ஊர், பள்ளிக்கு அதனைக் காணவில்லை. காரணம் இரண்டெனக் கருதுகின்றோம். ஏரி நீர் பொது உடைமை எனக் கொள்ளப்பட்டது. கல்வியோ ஆசிரியரிடம் உள்ள தனிப்பொருளாகவும் அவர் மனமுவந்து அளிப்பதாகவும் கொள்ளப்பட்டது. அன்றியும், பள்ளிக்கு வந்தோர் ஊரார் அனைவர் மக்களும் அல்லர். மன்றோ கணக்கில் 1,84,110 சிறுவர்க்கு 4,540 சிறுமியரே காணப்படுகின்றனர். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் பலவிடங்களில் அத்திண்ணைமீது ஏறவும் இயலவில்லை. சிலர்க்கே உரிய பள்ளி ஊர்ப்பணியாதல் எங்ஙனம்?

கொடையை மட்டும் தூணாகக் கொண்ட பள்ளிக்கு மற்றொரு குறையும் உண்டு. கொடுப்போர் வறியராயின் பள்ளி சாயும். பல்லாரி மாவட்டத் தண்டலர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இதற்குச் சான்று. ஐரோப்பியத் துணிகளின் வரவால் கைத்தொழிலாளர் வருவாய் குன்றியமையையும், வறுமையுற்ற பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பை நாட நேர்ந்தமையையும், அதனால் பள்ளிகள் நலிந்தமையையும் அவர் வெளிப்படையாகவே எழுதியுள்ளார்.

2. அரசே தாயாதல்

நலிந்த இடத்தை நிரப்ப அரசு வந்தது. புதுவையில் அவ்வரசு பிரெஞ்சு அரசு. பிரான்சு நாட்டில் உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகலிடக் கூடங்கள் தோன்றின. 1881இல் அவற்றிற்குத் தாய்மைப் பள்ளி எனப் பொருள்படும் புதுப்பெயர் இடப்பெற்றது. அவற்றின் தலைமை ஆய்வாளராக நெடுங்காலம் விளங்கிய பொலீன் கெர்கோமார் அம்மையார், குழந்தையின் விளையாட்டே அதன் தொழில் என வற்புறுத்தி அப்பள்ளிகளைச் சீர்செய்தார். பெயர் தாயைச் சுட்டினும், பள்ளியை நடத்தியது அரசே. தாய் வாயிலோடு நின்றாள்.

அரசு பொறுப்பேற்றலால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. புதுவையில் பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு அளிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956இல் பரவிய மதிய உணவும், எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி மழலையரையும் தழுவிய சத்துணவும் அவ்வழியில் நின்றன. தந்தையின் கொடை எட்டாத குழந்தைக்கும் சோறும் எழுத்தும் கிட்டின. ஆனால் கொடை அரசின் கைக்கு மாறியபோது, பெற்றோர்க்கு எஞ்சியிருந்த ஒரே பங்கும் நீங்கிற்று. அதற்கு ஈடாகப் பணியோ சொல்லோ அவர்க்குத் தரப்படவில்லை.

3. கூட்டுறவு பள்ளியினுட் புகுந்தமை

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி எனப் போற்றப்பெறும் இராபர்ட் ஓவன், மழலைப் பள்ளியின் முன்னோடியும் ஆவார். இசுக்காத்துலாந்தின் நியூ லனார்க்கு ஆலையூரில் 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் திறந்த கல்விநிலையத்தில், நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் சேர்க்கப்பெற்றனர். அவர்களை அடித்தலும் வைதலும் கூடாது என அவர் விதித்தார். எனினும் அப்பள்ளி ஆலை உரிமையாளரின் அருளால் நடந்தது. ஆலைத் தொழிலாளராகிய பெற்றோர்க்கு அதில் வாக்கில்லை. உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் நெறி 1844இல் இராச்டேல் நகரத்தார் தொடங்கிய பண்டகசாலை வழியே புகழ்பெற்றது.

அந்நெறி பள்ளியிற் புகப் பின்னும் எழுபதாண்டுகட்கு மேலாயின. 1916இல் சிகாகோப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் பன்னிருவர் தம் குழந்தைகளுக்காகக் கூட்டுறவு மழலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். குழந்தைகள் கூடி வளர்தல், தாங்கள் குழந்தை வளர்ப்பைக் கற்றல், போர்க்காலச் செஞ்சிலுவைப் பணிக்கு நேரம் பெறுதல் என்பன அவர்தம் நோக்கங்கள். 1941இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகர்ப் பகுதியான கரோரியில் தாய்மார் நடத்தும் விளையாட்டு மையம் தோன்றிற்று. தந்தையர் பலர் போருக்குச் சென்றிருந்த காலம் அது. அம்மையங்களில் தாய்மார் கற்பிப்பதோடு அமையாது, கற்பிக்கக் கற்றும் வந்தனர். பெற்றோர் கல்வி என்பது பள்ளியின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

இத்தாலியின் ரெச்சோ எமிலியா நகரையடுத்த சிற்றூராகிய வில்லா செல்லாவின் வரலாறு இன்னும் குறிப்பிடத்தக்கது. 1945இல் போர் முடிந்தவுடன், பின்வாங்கிய செருமானியப் படை விட்டுச்சென்ற டாங்கி ஒன்றையும் சில சரக்கு வண்டிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பொருளால் ஊரார் தம் கைகளாலேயே மழலைப் பள்ளி கட்டினர். 1963இல் அந்நகராட்சி மழலைப் பள்ளிகளைத் தானே நடத்தத் தொடங்கியது. நாளடைவில் பெற்றோர் நிறுவிய பள்ளிகளும் அதன் பொறுப்பில் வந்தன. ஆயினும் பெற்றோர் அமரும் அவைகள் நீங்கவில்லை. பொருளை அரசு தர, சொல்லைப் பெற்றோர் விடாது காத்த எடுத்துக்காட்டு இது.

தமிழகத்தில் கூட்டுறவு 1904ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேர்கொண்டது. திருவள்ளூர்ப் பகுதித் திரூரில் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் அவ்வாண்டிலேயே எழுந்தன. பின்னர் நெசவு, பால், வீடு எனத் துறைகள் பெருகின. மழலைப் பள்ளி அத்துறைகளுள் முதன்மையிடம் பெறவில்லை. கருத்தளவில் ஊரார் பள்ளி என்னும் எண்ணம் இல்லாமற் போகவில்லை. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், தேசியக் கல்வியைப் பற்றிய தம் கட்டுரையில், ஊர்மக்களே தத்தம் ஊர்களில் பள்ளி நிறுவ வேண்டும் என்றும் மூன்று ஆசிரியரைக் கொண்டே தொடங்கலாம் என்றும் எழுதினார்.

4. முற்றமும் பணியும்

நம் நாட்டில் மழலைப் பள்ளி தாயின் அருகிற் சென்ற வரலாற்றை மேலைக் கடற்கரையிற் காண்கின்றோம். 1920இல் பவநகரில் கிசுபாய் பதேகா தொடங்கிய குழந்தைப் பள்ளியிற் பணியாற்றிய தாராபாய் மோடக்கு அம்மையார், 1945இல் போர்டி என்னும் ஊரில் ஏழை மக்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். கட்டடத்திற்குக் குழந்தைகள் வாராமையால், அவரும் துணைவராகிய அனுதாய் வாக்கும் குழந்தைகள் வாழும் குடிசைகளின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். முற்றப் பள்ளி எனப் பொருள்படும் அங்கன்வாடி என்னும் பெயர் அதனால் விளைந்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரையே தன் மையங்களுக்குச் சூட்டியது.

திண்ணைக்கும் முற்றத்திற்கும் உள்ள வேறுபாடு இடத்தளவில் நில்லாது. திண்ணை தெருவை நோக்கியது, ஆடவர் அமர்வது, வழிப்போக்கர்க்கும் உரியது. முற்றம் வீட்டை நோக்கியது. பெண்டிர் நெல் உலர்த்துவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். திண்ணைப் பள்ளியில் உள்வீட்டுப் பெண் பாடத்தைக் கேட்டிருத்தல் கூடும். அதனுட் பங்கு கொள்ளல் இல்லை. பள்ளி முற்றத்திற்கு வந்தபோது அவள் அதன் நடுவில் நின்றாள். தந்தையின் கொடையை நம்பிய பள்ளி, தாயின் பணியை நம்பும் பள்ளியாயிற்று. தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஊர்தோறும் மகளிர் குழுக்களை அமைத்து, குழந்தைகளின் எடை காண்பதிலும் உணவு ஆக்குவதிலும் அவர்களைத் துணைக்கொண்டமை இம்மாற்றத்திற்குச் சான்றாகும்.

ஆனால் பணிக்கு விலை என்ன? அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் அவ்வப் பகுதியிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பெறும் மகளிர். அவர்க்கு அளிக்கப்பெறுவதை ஊதியம் என்னாது மதிப்பூதியம் என்பர். தாயின் அன்பாற் செய்யப்படுவது என்னும் எண்ணமே இச்சொற்றேர்வின் அடியில் உள்ளது எனல் பொருந்தும். பணிக்கொடைச் சட்டம் அவர்க்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் தீர்ப்பளித்தமை, அன்பும் உழைப்பே என்பதைச் சட்டம் ஏற்கத் தொடங்கியதன் அடையாளம்.

5. சொல் எங்கே?

இனிச் சொல்லைப் பற்றிக் காண்போம். 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு அகவை வரையினர்க்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு அகவைக்குட்பட்டோர் நலத்தை அரசின் வழிகாட்டு நெறிகளுள் வைத்தது. 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோராகவும் பாதியினர் மகளிராகவும் இருத்தல் வேண்டும் என்கின்றது. அதன் பயன் ஆறாம் அகவையில் தொடங்குகின்றது. மழலைப் பருவத்தில் தாய்மார் குழுக்களும் கண்காணிப்புக் குழுக்களும் நிருவாக ஆணைகளால் அமைவன. குழந்தைக்குப் பெற்றோர் மிகவும் இன்றியமையாத அகவையில், பெற்றோரின் சொல்லுக்குச் சட்டத்தின் காப்பு மிகவும் குறைவாக இருத்தல் வியப்பிற்குரியது.

சொல்லுக்கு முற்பட வேண்டுவது நேரம். சிகாகோ மகளிர் பன்னிருவர்க்குக் கணவர் ஊதியம் இருந்தது. வகுப்பில் முறையமரப் பகற்பொழுது இருந்தது. மகளிர் பெருவாரியாக ஊதியப் பணிக்குச் சென்ற பிற்காலத்தில், பகல் நேர முறைப்பணியை நம்பிய பள்ளிகள் பல நாடுகளில் தளர்ந்தன. இதனைக் கருதாது பெற்றோர் பங்கைப் புகழ்தல், பொழுதுடைய பெற்றோரை மட்டும் புகழ்தலாய் முடியும்.

இவ்விடத்திற் கோரிமேட்டை நோக்குவோம். 1823இல் தோன்றிய புதுவை மருத்துவப் பள்ளியின் வழிவந்த சவகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 1964 முதல் அப்பெயரோடு ஈண்டு இயங்குகின்றது. இத்தகைய மருத்துவமனையின் செவிலியர்க்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் பணிநேரம் காலை, மாலை, இரவு என மாறுவது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாய்மார் கூட்டம் என அறிவிக்கும் பள்ளி, இரவுப் பணி முடித்து உறங்கும் தாயை அழைத்ததாகாது. சாலையின் வடபால் சிறிது சென்றால் தமிழ்நாடு. ஒரே தெருவழி வரும் இரு குழந்தைகள் இருவேறு அரசுகளின் மையங்களுக்கு உரியராதல் கூடும். ஓர் அரசின் ஆணையால் அமையும் குழு எல்லையோடு நின்றுவிடும். பெற்றோர் தாமே சேரும் சங்கத்திற்கு இத்தடை இல்லை.

வழி காண்டல் அரிதன்று. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் எனவும், தாய் நாளில் நான்கு முறை அங்குச் செல்ல இசைய வேண்டும் எனவும் விதித்தது. பணி நேரத்தில் ஒரு பகுதி குழந்தைக்கு உரியது எனச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. அக்கோட்பாட்டைத் தந்தைக்கும் விரித்து, திங்களில் ஒரு முறைப்பணிக்கும் ஓர் அவைக்கும் ஊதியத்தோடு பொழுது அளிப்பின், செவிலியரும் காவலரும் கூலியாளரும் ஒருங்கே அமரும் மழலைப் பள்ளி அமைதல் கூடும்.

மேற்கண்டவற்றால் ஒரு முடிவு பெறப்படும். நம் பள்ளி வரலாற்றில் பெற்றோர் இல்லாத காலம் இல்லை. திண்ணையில் தந்தையின் கொடை இருந்தது. முற்றத்தில் தாயின் பணி இருந்தது. இரண்டிடத்தும் அவர்கள் கேட்டுக்கொண்டோராகவே இருந்தனர், கேட்கப்பெற்றோர் ஆகவில்லை. கூட்டுறவு மழலைப் பள்ளியிலிருந்து நாம் புதிதாகக் கொள்ளத்தக்கது அவர்தம் சொல்லுக்கு உரிய இடமே. பொருளை அரசு தருக. பணிக்குரிய பொழுதை வேலை தருவோர் தருக. குழந்தையைப் பற்றிய சொல்லைப் பெற்றோர் தம்மிடமே வைத்துக்கொள்க. அவ்வாறு அமையும் பள்ளியில், தன் தாயும் தந்தையும் பிறரோடு கூடிப் பேசி முடிவு செய்வதைக் குழந்தை நாள்தோறும் காணும். எழுத்தறியும் முன்னரே அது கற்கும் பாடம் அதுவாகும்.